மேக் இன்ஸ்டால் முடிஞ்சுது, அப்புறம்?

லினக்ஸ் பிடிச்ச ஆளுங்க நாலு பேர் ஒரு இடத்துல கூடினா, காபி வர்றதுக்குள்ள ஒரு சண்டை கண்டிப்பா வந்துடும். ஈமேக்ஸா விஐயாங்கறது பழைய சண்டை. அதைவிட நம்ம தினசரி பொழப்புக்கு நெருக்கமான சண்டை ஒண்ணு இருக்கு. ஒரு மென்பொருளை சோர்ஸ்ல இருந்து நாமே கம்பைல் பண்ணி நிறுவறதா, இல்லை டிஸ்ட்ரோக்காரங்க கட்டி வச்சிருக்கற பேக்கேஜை இறக்கிப் போடறதா?

சோர்ஸ் கட்சிக்காரங்க பேக்கேஜ் கட்சியை ஒரு இளக்காரத்தோடதான் பார்ப்பாங்க. 'ஆப்ட்ல ஒரு வரி தட்டினா லினக்ஸ் தெரிஞ்ச மாதிரியா?' அப்படீன்னு. பேக்கேஜ் கட்சியோ 'உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?' அப்படீன்னு கேட்கும். நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன். அன்றாடம் ஓடற மெஷினுக்குப் பேக்கேஜ்தான் சரி. சோர்ஸைத் தொடக்கூடாதுன்னு சொல்ல வரலை. நிறுவற வேலை அரை மணி நேரம். அதுக்கப்புறம் அதைப் பார்த்துக்கற வேலை அஞ்சு வருஷம், பத்து வருஷம். சண்டை போடற ரெண்டு கட்சியுமே அந்த அரை மணி நேரத்தைப் பத்தி மட்டும் பேசறாங்கங்கறதுதான் என்னோட ஆதங்கம்.

புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சோர்ஸ்ல இருந்து நிறுவறதுன்னா பெரும்பாலும் மூணு படி. டார்பாலை, அதாவது மூலநிரலைக் கட்டி வச்ச மூட்டையைப் பிரிச்சு, முதல்ல கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டணும். அது உங்க மெஷின்ல எந்த கம்பைலர் இருக்கு, எந்த லைப்ரரி இருக்குன்னு ஒவ்வொண்ணா விசாரிக்கும். அடுத்து மேக். மூணாவது, ரூட்டா மாறி மேக் இன்ஸ்டால். வேற இடம் சொல்லலைன்னா எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல்ங்கற டைரக்டரிக்குள்ள போய் உட்காரும். நடுவுல 'இசட்லிப் ஹெட்டர் இல்லை' மாதிரி ஒரு அழுகை வரும். லைப்ரரி இருக்கும், ஆனா கம்பைல் பண்ணத் தேவையான டெவ் பேக்கேஜ் போட்டிருக்க மாட்டோம். இதுல மாட்டாத ஆளே கிடையாது.

இந்த முறை எவனோ நம்மளைக் கஷ்டப்படுத்தணும்னு கண்டுபிடிச்சது இல்லை. அந்தக் காலத்துல யூனிக்ஸ்ன்னா ஒண்ணா ரெண்டா? சன் ஒரு விதம், ஹெச்பி ஒரு விதம், ஐபிஎம் ஒரு விதம். ஒவ்வொருத்தருக்கும் வேற சிபியூ, வேற லைப்ரரி. ஒரே பைனரியை எல்லாருக்கும் கொடுக்க வழியே இல்லை. சோர்ஸைக் கொடுத்து 'உங்க ஊர்ல நீங்களே ஆட்டிக்குங்க'ன்னு சொல்றதுதான் நடைமுறை. அதைச் சுலபமாக்கத்தான் 1991-ல டேவிட் மெக்கன்ஸி ஆட்டோகான்ஃப் எழுதினார். கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்ங்கறது அந்தக் கஷ்டத்துக்கு வந்த மருந்து.

அப்புறம் 1993-ல ஸ்லாக்வேர், அதே வருஷம் இயன் மர்டாக் ஆரம்பிச்ச டெபியன், 1995-ல ரெட்ஹாட்டோட ஆர்பிஎம். 1999-ல வந்த டெபியன் 2.1-ல ஆப்ட் சேர்ந்துச்சு. ஒரு பேக்கேஜ் கேட்டா அதுக்குத் தேவையான மத்த பேக்கேஜ்களையும் தானே இழுத்துட்டு வர்ற வசதி அதுல இருந்தது. ஃப்ரீபிஎஸ்டில 1994-லயே ஜோர்டன் ஹப்பர்ட் போர்ட்ஸ் அமைப்பைக் கொண்டு வந்திருந்தார். சோர்ஸ்தான், ஆனா எங்கிருந்து இறக்கணும், என்ன பேட்ச் போடணும், எதெல்லாம் முன்னாடி வேணும்னு குறிப்பு எழுதி வச்ச சோர்ஸ். அதைப் பார்த்து உருவானதுதான் ஜென்டூ லினக்ஸோட போர்ட்டேஜ். ஆக 'சோர்ஸ்'னு சொன்னாலே ரெண்டு வகை இருக்கு. ஒருத்தர் கணக்கு வச்சிருக்கற சோர்ஸ், யாரும் கணக்கு வைக்காத சோர்ஸ். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, சோர்ஸ் கட்சியோட வாதங்களுக்கு வருவோம். மூணு வாதம் இருக்கு.

முதல் வாதம், வேகம். 'என் சிபியூவுக்குன்னே கம்பைல் பண்ணினா பறக்கும்.' கணக்குப் போடற சில வேலைகளுக்கு இது உண்மைதான். ஆனா வேகம் ரொம்பத் தேவைப்படற மென்பொருள் எல்லாம் இந்த வேலையை எப்பவோ தங்களுக்குள்ளயே செஞ்சுக்கிட்டாங்க. எஃப்எஃப்எம்பெக் ஓட ஆரம்பிக்கும்போதே உங்க சிபியூ என்னன்னு பார்த்து, அதுக்கு ஏத்த அசெம்ப்ளி கோடைத் தேர்ந்தெடுக்கும். ஜிலிப்சியில மெமரி காப்பி பண்ற சின்ன ஃபங்ஷன்கூட அப்படித்தான். பேக்கேஜா வந்தாலும் அது உங்க சிபியூவுக்கு ஏத்த மாதிரிதான் ஓடும். இன்னொரு சேதி தெரியுமா? கம்பைல் பண்றதையே ஒரு வாழ்க்கை முறையா வச்சிருந்த ஜென்டூவே 2023 டிசம்பர் கடைசில, 'இனிமே ரெடிமேட் பைனரியும் பெரிய அளவுல தர்றோம்'னு அறிவிச்சுது. பிரவுசரையும் ஆபீஸ் தொகுப்பையும் ராத்திரி பூரா கம்பைல் பண்ணி யாரும் மோட்சம் போகலைன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

ரெண்டாவது வாதம், விருப்பத் தேர்வு. இதுக்கு முழு மார்க் கொடுத்துடறேன். டெபியன் தர்ற எஃப்எஃப்எம்பெக்ல எஃப்டிகே ஏஏசிங்கற ஆடியோ என்கோடர் சேர்ந்து வராது. அதோட உரிமமும் ஜிபிஎல் உரிமமும் ஒத்துப் போகாதுங்கறதால சேர்த்துக் கட்டின பைனரியை விநியோகிக்க முடியாது. உங்க சொந்த உபயோகத்துக்குக் கட்டிக்கலாம். இந்த மாதிரி நேரத்துல கம்பைல் பண்ணத்தான் வேணும். நேத்து சரி பண்ணின ஒரு பிழைத்திருத்தம் இன்னிக்கே வேணும், பேக்கேஜ்ல வர ஒரு வருஷம் ஆகும்னாலும் அதே கதைதான். தேவை இருக்கு, செய்யறோம். இதுல சண்டைக்கு என்ன இருக்கு?

மூணாவது வாதம்தான் சுவாரஸ்யம். நம்பிக்கை. 'யாரோ கட்டின பைனரியை நான் ஏன் நம்பணும்? சோர்ஸ் கண்ணுக்கு முன்னாடி இருக்கு.' இருக்கு சாமி, ஆனா நீங்க படிச்சீங்களா? கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் மட்டுமே பல ஆயிரம் வரி. அதை முழுசாப் படிச்சுட்டு ஓட்டினேன்னு சொல்ற ஆளை நான் இன்னும் பார்க்கலை.

2002 ஆகஸ்ட் வாக்குல நடந்ததைக் கேளுங்க. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 3.4பி1 டார்பாலை, அதிகாரபூர்வ எஃப்டிபி தளத்துலயே எவனோ மாத்தி வச்சுட்டான். அதை இறக்கி மேக் பண்ணினவங்க மெஷின்ல, கம்பைல் ஆகும்போதே ஒரு நிரல் ஓடி, வெளியில ஒரு சர்வரைக் கூப்பிட்டு, கட்டளைக்குக் காத்துக் கிடந்துச்சு. நிறுவக்கூட வேணாம், கம்பைல் பண்ணினாலே போதும். அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ்ல அந்த டார்பாலோட செக்சம் பதிவாகி இருந்தது. இறக்கின மூட்டையோட செக்சம் அதோட ஒத்துப் போகலை. மேலே சொன்னேனே, கணக்கு வச்சிருக்கற சோர்ஸ்னு. அதுதான் காப்பாத்துச்சு. தனியா இறக்கி, கையெழுத்தைச் சரிபார்க்காம மேக் தட்டினவங்களுக்கு 'சோர்ஸ் கண்ணுக்கு முன்னாடி' இருந்து என்ன பிரயோஜனம்?

இந்த மூணு வாதத்தையும் ஒதுக்கி வச்சுட்டு, நான் முக்கியம்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். நிறுவினதுக்கு அப்புறம் என்ன?

நமக்குத் தெரிஞ்ச உதாரணமே எடுத்துக்குவோம். இட்லி மாவு. வீட்டுல ஆட்டின மாவா, கடைப் பாக்கெட் மாவான்னு ஒரு சண்டை நம்ம ஊர்ல உண்டு. வீட்டு மாவுக்குத்தான் என் ஓட்டு. ஆனா மாவு ரெண்டு மூணு நாள்ல தீர்ந்துடும். புளிச்சுப் போச்சுன்னா மூடியைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரியும். சர்வர்ல ஓடற சாஃப்ட்வேர் புளிச்சா வாசனை வராது. ஜம்முன்னு ஓடிக்கிட்டே இருக்கும், ஓட்டை விழுந்தபடியே.

2014 ஏப்ரல் 7 அன்னிக்கு ஹார்ட்ப்ளீட் வெளிய வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1-லேர்ந்து 1.0.1எஃப் வரைக்கும் எல்லாத்துலயும் ஓட்டை. வெளியிலேர்ந்து ஒரு ஆள் சர்வரோட மெமரியைத் துண்டு துண்டா உருவலாம், அதுல கடவுச்சொல் இருக்கும், தனிச் சாவிகூட இருக்கலாம். டெபியன், உபுண்டு எல்லாரும் உடனே திருத்தின பேக்கேஜை வெளியிட்டாங்க. அப்டேட், அப்கிரேடு, வெப் சர்வரை ஒரு தடவை நிறுத்தி எடுக்கணும். ஓட்டை அடைஞ்சாச்சு. மிச்சம், சாவியையும் சான்றிதழையும் மாத்தற வேலை.

அந்த வாரம் நான் பார்த்துக்கிட்டிருந்த சர்வர்கள்ல ஒண்ணு மட்டும் எவ்வளவு அப்டேட் பண்ணினாலும் சோதனைல 'ஓட்டை இருக்கு'ன்னே காட்டிக்கிட்டிருந்தது. எனக்கு முன்னாடி அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டவர் நல்ல வேலைக்காரர். அபாச்சி, பிஹெச்பி, ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாத்தையும் தன் கையால கம்பைல் பண்ணி யூஎஸ்ஆர் லோக்கல்ல போட்டிருந்தார். எந்த ஆப்ஷன் கொடுத்தார், ஏன் கொடுத்தார்னு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கலை. சோர்ஸ் டைரக்டரியையும் அழிச்சுட்டு வேற ஊருக்கு வேலை மாறிப் போயிட்டார்.

ஆப்ட் என்ன பண்ணும் பாவம்? தான் வச்ச ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஒழுங்காத் திருத்திட்டுப் போயிடுச்சு. யூஎஸ்ஆர் லோக்கல் அதோட எல்லைக்கு வெளிய. அபாச்சி எந்த லைப்ரரியைப் பிடிச்சிருக்குன்னு எல்டிடி போட்டுப் பார்த்தா ஓப்பன்எஸ்எஸ்எல் பேரே வரலை. அந்தப் பதிப்புகள்ல ஆப்ஷன் எதுவும் கொடுக்காம கம்பைல் பண்ணினா ஷேர்டு லைப்ரரி உருவாகாது. அபாச்சியோட எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு உள்ளேயே அது கரைஞ்சு கிடந்தது. லைப்ரரியை மாத்தினா போதாது, அபாச்சியையே திரும்பக் கட்டணும். நல்லவேளை, அபாச்சி தன்னோட பில்ட் டைரக்டரில கன்ஃபிக் நைஸ்னு ஒரு ஃபைல்ல பழைய ஆப்ஷன்களை எழுதி வைக்கும். பிஹெச்பியும் தன் தகவல் பக்கத்துல கன்ஃபிகர் வரியைக் காட்டும். அந்த ரெண்டு துப்பை வச்சு விடிய விடிய உட்கார்ந்து முடிச்சேன். மத்த எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஆன நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்.

அந்த மனுஷன் தப்பாக் கம்பைல் பண்ணினார்னு நான் சொல்லவே மாட்டேன். பிரமாதமாப் பண்ணியிருந்தார். ஆனா ஒரு மென்பொருளைச் சோர்ஸ்ல இருந்து போட்ட நிமிஷமே, அதுக்கு நீங்கதான் டிஸ்ட்ரோ. பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்கிறது நீங்க, திரும்பக் கட்டறது நீங்க, சோதிக்கிறது நீங்க. லீவு போட்டாலும் நீங்கதான். வேலையை விட்டுப் போனா அந்தப் பொறுப்பை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் போகணும். பேக்கேஜ்ங்கறது வெறும் பைனரி இல்லை. இந்தப் பொறுப்பை ஒருத்தர் ஏத்துக்கிட்டாருங்கறதுக்கு அத்தாட்சி.

இப்போ பேக்கேஜ் கட்சி ரொம்ப ஆட வேணாம். உங்களுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு.

2006-ல டெபியன்ல ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ் கட்டினப்போ, மெமரி சோதிக்கிற ஒரு கருவி எச்சரிக்கை காட்டுதேன்னு ரெண்டு வரியை எடுத்துட்டாங்க. ரேண்டம் எண் உருவாக்கறதுக்கு உயிர்நாடியே அதுல இருந்தது. மிஞ்சினது பிராசஸ் எண் மட்டும். அதுல மொத்தமே 32,768 வாய்ப்புதான். அந்தக் காலத்துல டெபியன்லயும் உபுண்டுலயும் உருவாக்கின எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் ஊகிக்கக் கூடியவையா ஆயிடுச்சு. 2008 மே 13 அன்னிக்கு அறிவிப்பு வர்ற வரைக்கும் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஊர் பூரா பலவீனமான பூட்டு. மூல டார்பாலைக் கம்பைல் பண்ணினவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

2024 மார்ச் 29 அன்னிக்கு வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரமும் அப்படித்தான். 5.6.0, 5.6.1 பதிப்புகளோட டார்பால்ல, கிட் களஞ்சியத்துல இல்லாத ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் வரி. டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜா கட்டறாங்களான்னு பார்த்து, அப்போ மட்டும் பின்கதவை உள்ள வைக்கும். குறி எஸ்எஸ்ஹெச். மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இந்த லைப்ரரியைத் தொடறதே இல்லை. சிஸ்டம்டியோட பேசறதுக்காகச் சில டிஸ்ட்ரோக்கள் போட்ட பேட்ச்தான் அதை உள்ள இழுத்துட்டு வந்தது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டிப் பார்க்கலைன்னா என்ன ஆகியிருக்குமோ. டெபியன் ஸ்டேபிள் தப்பிச்சதுக்குக் காரணம், நாம எப்பவும் கிண்டல் பண்ற அதோட பழைய பதிப்புகள்தான்!

அதனால பேக்கேஜை நம்புறதுன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்புறது இல்லை. நம்மால திரும்பக் கட்டிப் பார்க்க முடியணும். டெபியன் 2013-ல ஆரம்பிச்ச மறுகட்டுமான முயற்சி இதுக்குத்தான். ஒரே சோர்ஸை யார் கட்டினாலும் ஒரு பைட்கூட மாறாத அதே பைனரி வரணும். அப்போதான் 'இந்தப் பேக்கேஜ் இந்தச் சோர்ஸ்ல இருந்துதான் வந்தது'ன்னு யார் வேணாலும் சோதிக்கலாம். சோர்ஸைக் கம்பைல் பண்ணத் தெரிஞ்சவங்க ஊர்ல இருந்தாத்தான் பேக்கேஜுக்கும் மரியாதை. ரெண்டு கட்சியும் எதிரிங்க இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

சரி, சோர்ஸ்தான் வேணும்னு ஆயிடுச்சு. எப்படிப் பண்ணலாம்? நான் கடைப்பிடிக்கிற வரிசை இது.

முதல்ல டிஸ்ட்ரோவோட ஸ்டேபிள் பேக்கேஜ். அது பழசா இருந்தா பேக்போர்ட்ஸ்ல தேடுவேன். அங்கயும் இல்லைன்னா டிஸ்ட்ரோவோட சோர்ஸ் பேக்கேஜை ஆப்ட் சோர்ஸ் போட்டு இறக்கி, பில்ட்டெப் போட்டுத் தேவையானதை வரவழைச்சு, எனக்கு வேணுங்கற ஆப்ஷனை மாத்தி, டெப் ஃபைலாவே கட்டிடுவேன். கம்பைல் பண்ணின திருப்தியும் ஆச்சு, டிபிகேஜி கணக்குலயும் ஏறியாச்சு. வேணாம்னா ஒரே வரில தூக்கிடலாம். ஃப்ரீபிஎஸ்டிக்காரங்களுக்கு இதே வேலையைப் பூட்ரியேர் அழகாப் பண்ணும். எதுக்கும் வழியில்லைன்னாத்தான் வெறும் டார்பால். அப்பவும் யூஎஸ்ஆர் லோக்கல்ல எல்லாத்தோடயும் கலக்கவிடாம ஆப்ட் டைரக்டரி இருக்கற பக்கமே போகாம, ஓபிடிக்குள்ள பேர், பதிப்பு போட்டுத் தனி டைரக்டரி. கையெழுத்தைச் சரிபார்க்கணும். சாதா பயனராவே கம்பைல் பண்ணணும். எந்த ஆப்ஷன், எந்தத் தேதி, ஏன்னு பக்கத்துலயே ஒரு ஃபைல்ல எழுதி வைக்கணும். அந்தத் திட்டத்தோட பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியல்ல சேரணும். கடைசியா சொன்ன ரெண்டையும் செய்ய சோம்பேறித்தனமா இருந்தா, கம்பைல் பண்ண உங்களுக்கு நேரமில்லைன்னு அர்த்தம்.

இப்ப டாக்கர், ஸ்நாப், ஃப்ளாட்பேக்னு வந்து இந்தச் சண்டையே முடிஞ்சுதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஒரு டாக்கர் இமேஜுக்குள்ள உட்கார்ந்திருக்கற ஓப்பன்எஸ்எஸ்எல்லை யார் திருத்துவா? வெளிய ஓடற ஆப்ட்டுக்கு அது தெரியாது. யூஎஸ்ஆர் லோக்கல் பழைய வீட்டைக் காலி பண்ணிட்டு ஃப்ளாட்டுக்குக் குடி வந்திருக்கு, அவ்வளவுதான்.

இதெல்லாம் வேலைக்கான மெஷினுக்கு. கத்துக்கறதுன்னா கதையே வேற. ஒரு பழைய லேப்டாப்பையோ ஒரு விர்ச்சுவல் மெஷினையோ எடுத்துக்கிட்டு, 1999-ல ஜெரார்ட் பீக்மன்ஸ் ஆரம்பிச்ச 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' வழிகாட்டியை ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் பண்ணிப் பாருங்க. கம்பைலரை வச்சுக் கம்பைலரைக் கட்டற இடத்துல தலை கிர்ருன்னு சுத்தும். அதுக்கப்புறம் ஒரு பேக்கேஜ் ரெண்டு விநாடில நிறுவி முடிக்கிறதைப் பார்த்தா, அதுக்குப் பின்னாடி எத்தனை பேரோட ராத்திரி இருக்குன்னு புரியும். அவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட பெருமையா 'நான் எல்லாமே சோர்ஸ்ல இருந்துதான் போடுவேன்'னு சொன்னா மறுத்துப் பேசாதீங்க. 'போன மாசம் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்கு எதையெல்லாம் திரும்பக் கட்டினீங்க?'ன்னு மட்டும் கேளுங்க. பட்டியலைச் சொன்னார்னா, அவர் உண்மையான சோர்ஸ் ஆளு. எழுந்து நின்னு ஒரு கும்பிடு போடுங்க.

பி.கு: ரூட்டா இருந்துக்கிட்டு, ஏதோ ஒரு முகவரியிலேர்ந்து இறங்கற ஸ்கிரிப்டை அப்படியே ஷெல்லுக்குள்ள ஊத்தற பழக்கம் இருக்கே, அது சோர்ஸும் இல்லை, பேக்கேஜும் இல்லை. அது வேண்டுதல்.